புற்றுக்குள் குடிவந்த மெஷின்

நான் கோபக்காரி. ஊரே சொல்லும், நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் என் தம்பி மேல் வருகிற கோபம் மட்டும் அரைமணி நேரம் தாங்காது. அவன் அசடு வழிய ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், உருகிவிடுவேன். அந்தச் சிரிப்பை வைத்தே என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான்.

கட்டடம் வரைவது நான், விற்பது அவன். ஏசி இல்லாமலே குளிர்ந்திருக்கும் கட்டடம், இதுதான் எங்கள் சரக்கு. வித்தை கரையானிடம் கற்றது. புற்றுக்குள் காற்று எங்கே நுழைய வேண்டும், எங்கே வெளியேற வேண்டும் என்று அது ஓயாமல் திறந்தும் அடைத்தும் வேலை பார்க்கும். நானும் சுவரைத் தடிமனாக எழுப்பி, தரையோரம் துளைகளும் மொட்டைமாடியில் உயரமான சிமினியும் வைத்தேன். சாயங்காலம் துளைகளின் மரக்கதவைத் திறந்துவிட்டால், இரவெல்லாம் குளிர்ந்த காற்று கீழே புகுந்து உள்ளிருக்கும் சூட்டை மேலே தள்ளிவிடும். காலையில் மூடிவிட வேண்டும். பகலெல்லாம் சுவர் அந்தக் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும்.

முதலில் எங்கள் ஆபீஸையே அப்படித்தான் கட்டினோம். போன கோடையில் உச்சிவெயில் நேரத்தில் அங்கே உட்கார்ந்து வரைந்திருக்கிறேன். தாள் மேல் ஒரு சொட்டு வியர்வை விழுந்ததில்லை.

இந்தக் கோடையில் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு வீட்டோடு கிடந்தேன். தம்பி தவறாமல் வருவான்.

"ஆபீஸ் எப்படிடா இருக்கு?"

"ஜம்முனு இருக்கு அக்கா. நீ உன் காலைப் பாரு."

பழத்தை உரித்து என் கையில் கொடுத்துக்கொண்டே சொல்வான். பாவி!

கம்பை ஊன்றிக்கொண்டு நான் திரும்பிப் போன அன்று டாக்டரம்மா ஒருவர் வந்திருந்தார். குழந்தைகள் ஆஸ்பத்திரி நடத்துகிறவர். பிறந்த குழந்தைகளுக்குப் புது வார்டு கட்டப்போகிறார். அவர்கள் பக்கம் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை ஜெனரேட்டரும் காலை வாரிவிட, குழந்தைகளை வாரியெடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடியிருக்கிறார்கள்.

"கரண்டே இல்லேன்னாலும் என் பிள்ளைங்க வேகக் கூடாதும்மா. எனக்கு அது ஒண்ணுதான் வேணும்," என்றார்.

ஹாலுக்குள் நுழைந்ததும் சிலீரென்றது. டாக்டரம்மா கைகளைக் கட்டிக்கொண்டார். எனக்கு ஒரு நிமிஷம் தலைகால் புரியவில்லை, அத்தனை பெருமை. அப்புறம்தான் உறைத்தது. என் சுவரை எனக்குத் தெரியும். அது இதமாக வைத்திருக்கும், நடுங்க வைக்காது.

தம்பி எங்களை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனான். சிமினிப் பக்கம் கையை நீட்டச் சொன்னான்.

"பாருங்க டாக்டர், உள்ள இருக்கிற சூடெல்லாம் தானா வெளிய போகுது!"

அடுப்பிலிருந்து வருகிற மாதிரி அனல் வந்தது. டாக்டரம்மா குழந்தை மாதிரி சிரித்தார். பகலில் என் சிமினி இப்படி ஊதாது. அவர்கள் காபி குடிக்க இறங்கியதும் நான் சிமினியின் பக்கத் திறப்பு வழியே எட்டிப் பார்த்தேன். உள்ளே ஏசியின் வெளிப்பெட்டி உர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்பார்களே, என் விஷயத்தில் பாம்பைக் கொண்டுவந்து விட்டவன் என் கூடப்பிறந்தவன்.

படியில் அவனைப் பிடித்தேன்.

"என்னடா இது?"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"எலி வந்துச்சு அக்கா. தூசி வேற. அதான் துளையெல்லாம் சிமெண்ட் வச்சு அடைச்சிட்டேன்."

"அடைச்சப்புறம்?"

"வெந்துச்சு. அதான்..."

"மூக்கை அடைச்சிட்டு மூச்சு வரலைன்னு மெஷின் வாங்கினியா? யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

எல்லோருக்கும். சற்றுமுன் என்னைக் கைத்தாங்கலாக வாசற்படி ஏற்றிவிட்ட காவலாளி உட்பட.

"அந்தப் பச்சைக் குழந்தைங்க வார்டுல என்ன பண்றதா இருந்த?"

"அங்கயும் சீலிங்குக்கு மேல ஒண்ணை மறைச்சு வச்சிடலாம் அக்கா. யாரு பார்க்கப் போறா?"

"கரண்ட் போனா?"

அவன் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

நேரே போய் மெயின் ஸ்விட்சை இறக்கினேன். ஹாலுக்கு வந்து டாக்டரம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன், சிமெண்ட் பூசிய துளைகளைக் கம்பால் தொட்டுத் தொட்டுக் காட்டி. பேசி முடிப்பதற்குள் அறை புழுங்க ஆரம்பித்தது.

"அப்போ இது வேலை செய்யாதா?" என்றார்.

"செய்யும் டாக்டர். துளையைத் திறந்துவிட்டா நிஜமாவே செய்யும். போன கோடையில செஞ்சுது."

"உங்க தம்பியும் நிஜம்னுதான் சத்தியம் பண்ணாரும்மா."

"அவன் சொன்னது பொய். நான் சொல்றது நிஜம்."

"அதை நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? என் பிள்ளைங்களை உள்ள படுக்க வச்சுப் பார்க்கவா?"

கோபமே இல்லாமல்தான் கேட்டார். நெற்றி வியர்வையை ஒற்றிக்கொண்டு எழுந்தார். இன்னும் பெரிய ஜெனரேட்டராக ஒன்று வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கையோடு அவர் வாங்கிப் போயிருக்க வேண்டிய, நான் வரைந்த வார்டு வரைபடம் மேஜை மேல் விரித்தபடி கிடந்தது. அதில் ஒரு கோடு கூடப் பொய் கிடையாது. இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?

தம்பி எதிர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"ஊர்ல யாரு வேணா என்னைக் காட்டிக் கொடுக்கட்டும். நீ பண்ணுவேன்னு நான் நினைக்கவே இல்ல அக்கா," என்றான்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவன் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தான்.