பதினோராம் சைஸ் பூட்ஸ்

காட் மீன் துண்டுகள் பெல்ட்டில் வந்துகொண்டே இருந்தன. ஜெம்மா கோல்பெக் இடது கையால் துண்டை அழுத்திப் பிடித்து, வலது கையிலிருந்த இடுக்கியால் முள்ளைப் பிடுங்கி எறிந்தாள். இரண்டு ஜோடி கையுறை போட்டும் விரல்கள் மரத்துப் போயிருந்தன. இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் அந்த மீன் ஆலையில் அவளுக்கு வாரத்துக்குப் பதினாறு மணி நேரம்தான் வேலை. வீட்டு வாடகையும் எட்டு வயது மகள் மேஸியின் சாப்பாடும், கூட ஆண் துணை இல்லாதவள் என்பதால் அரசு தரும் உதவித்தொகையில்தான் ஓடின.

அன்று மதியத்தோடு கிளம்ப வேண்டும். பல் டாக்டரிடம் போவதாகச் சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தாள். பக்கத்தில் நின்று முள் எடுக்கும் பாம் என்ற பெண்ணுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். உதவித்தொகை பற்றி விசாரிக்க வேண்டும், இரண்டு மணிக்கு வரவும், விரும்பினால் வக்கீலை அழைத்து வரலாம் என்று உதவித்தொகை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அந்த வக்கீல் என்ற சொல்லை நினைத்துத்தான் ஜெம்மா மூன்று நாளாகத் தூங்கவில்லை.

"வக்கீலோட போய் நின்னா என்னமோ பண்ணிட்டு வந்தவ மாதிரி இருக்கும் கண்ணு," என்றாள் பாம். "ஃபாரத்துல எங்கயாவது தப்பா டிக் அடிச்சிருப்ப. நேரா போய் சொல்லிட்டு வந்துரு."

ஜெம்மாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஒன்றும் செய்யாதவளுக்கு எதற்கு வக்கீல்? மீன் வாடை போக எலுமிச்சைத் தோலால் இரண்டு தடவை கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, தனியாகவே பஸ் ஏறினாள்.

ரிட்ஸ்டேல் என்ற அதிகாரி மரியாதையானவராகத்தான் இருந்தார். அவளுடைய மேல்கோட்டை வாங்கி மாட்டினார், தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் ஒரு இளம்பெண் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். ரிட்ஸ்டேல் மேஜைமேல் இருந்த ஒலிப்பதிவு இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. நீங்கள் எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் சொல்வது எதுவும் நீதிமன்றத்தில் சாட்சியமாகலாம் என்று மனப்பாடமாக ஒப்பித்தார்.

ஜெம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிவி தொடர்களில் கொலைகாரனுக்கு விலங்கு மாட்டும்போதுதான் அந்த வார்த்தைகளை அவள் கேட்டிருக்கிறாள்.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நானும் என் பெண்ணும் என்றாள். வேறு யாரும் இல்லையா? இல்லை.

அவர் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவள் வீட்டு வாசற்படி. படியில் ஆண்பிள்ளை பூட்ஸ் ஒரு ஜோடி. மழையில் நனைந்த பூட்ஸ், சேறு அப்பிய பூட்ஸ், உறைபனி படிந்த பூட்ஸ். அடியில் தேதியும் நேரமும். எல்லாமே காலை ஆறு மணி. ஒரு படத்தில் அவளே இரவு உடையோடு ஜன்னல் திரையை இழுத்துக்கொண்டிருந்தாள். யாரோ எதிர்த்தெருவில் காரில் உட்கார்ந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பது புரிந்ததும் அவளுக்கு உடம்பு கூசியது.

ஆனால் பூட்ஸைப் பார்த்ததில் சிரிப்பும் வந்துவிட்டது. இவ்வளவுதானா? மளமளவென்று சொன்னாள். போன மார்ச்சில் கதவை உடைத்து டிவியை எடுத்துக்கொண்டு போனார்கள். பத்தே நாளில் மறுபடியும் வந்தார்கள். விசாரிக்க வந்த பெண் போலீஸ்தான் வீட்டில் ஆம்பிளை இருக்கிற மாதிரி காட்டிக்கொள்ளச் சொன்னாள். பழைய சாமான் கடையில் மூன்று பவுண்டுக்குக் கிடைத்தது அந்தப் பூட்ஸ், பதினோராம் சைஸ். கொல்லையிலிருந்து சேற்றை எடுத்து அவளே அப்புவாள். ராத்திரி படுக்கப் போகும்முன் இடம் மாற்றி வைப்பாள்.

ரிட்ஸ்டேல் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு இன்னொரு தாளை எடுத்தார். என் புருஷன் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறார் என்று பார்சல்காரரிடம் அவள் சொல்லியிருக்கிறாள். கேஸ் மீட்டர் பார்க்க வந்தவரிடமும் சொல்லியிருக்கிறாள். டெர்ரி மாடியில் இருப்பார் என்று மேஸி பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள்.

"அது நான் சொல்லிக்குடுத்தது. யாராச்சும் கதவத் தட்டினா மாடியப் பாத்து டெர்ரினு கூப்பிடுனு சொல்லி வச்சிருக்கேன். அப்படி ஒரு ஆளே கிடையாது சார்."

"அப்ப இத்தன பேர்கிட்டயும் பொய் சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"எங்ககிட்ட மட்டும் உண்மை சொல்றீங்க."

அந்தப் பெண் போலீஸைக் கேட்டுப் பாருங்கள் என்றாள். போலீஸ் அறிக்கையை ஏற்கெனவே வாங்கிப் பார்த்துவிட்டார்கள். அதில் திருட்டுப்போன பொருள்களின் பட்டியல் மட்டும்தான் இருக்கிறதாம். வீட்டுக்கு வந்து பாருங்கள், பல் விளக்கும் பிரஷ்கூட இரண்டுதான் என்றாள். போன வருஷம் யார் இருந்தார்கள் என்பது இன்று வந்து பார்த்தால் தெரியாதே என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். மறுத்தால் வழக்கு நீதிமன்றம் போகலாம். ஆள் இருந்ததை ஒப்புக்கொண்டு ஒத்துழைத்தால் அதைக் குறித்துக்கொள்வார்கள். வாங்கிய பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டுவதோடு முடியவும் கூடும். தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார்.

"கோர்ட்டு, ஜெயிலுனு ஆச்சுன்னா என் பொண்ண யாரு பாத்துக்குவாங்க?"

"அது எங்க துறை இல்ல, மிஸ் கோல்பெக்."

சுவரில் மணி இரண்டு ஐம்பது. மூன்றே காலுக்குப் பள்ளிக்கூடம் விட்டுவிடும். கூட்டிக்கொண்டு வர வேறு நாதி இல்லை. அறையின் சூட்டில் கையிலிருந்து மறுபடியும் மீன் வாடை கிளம்பியது.

"டெர்ரியோட முழுப் பேர் என்ன?" என்று ரிட்ஸ்டேல் கேட்டார்.

ஜெம்மா இயந்திரத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

"ஹார்கர்," என்றாள். "டெர்ரி ஹார்கர்."

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்திலிருந்த பெண்ணின் பேனா ஓடத் தொடங்கியது. ரிட்ஸ்டேல் முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

"உண்மையச் சொல்றது லேசில்லனு எனக்குத் தெரியும்," என்றார் பரிவோடு. "அவசரமில்ல. மெதுவா சொல்லுங்க."

வயது கேட்டார். நாற்பது என்றாள். வேலை? லாரி ஓட்டுகிறவர். எப்போதிருந்து கூட இருக்கிறார்? போன மார்ச்சிலிருந்து. ஒவ்வொரு பதிலுக்கும் அவர் தலையை ஆட்டினார்.

"உயரம் எவ்வளவு இருப்பார்?"

மேலாக இருந்த படத்தை ஜெம்மா குனிந்து பார்த்தாள். பதினோராம் சைஸ் பூட்ஸ் போடுகிறவன் எவ்வளவு உயரம் இருப்பான் என்று யோசித்தாள்.

"ஆறடி," என்றாள். "கொஞ்சம் கூடவே இருக்கும்."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.