வாயால் சொன்னால் செல்லாது

பெண்ணொருத்தி சண்டை கற்க வந்தால் அவளுக்குப் பின்னால் ஒரு சோகக்கதை இருந்தே தீரவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு என்னால் ஏமாற்றம்தான். என்னை யாரும் அடித்ததில்லை. ஆசை, அவ்வளவுதான். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவளுக்கு ஆசை வரக்கூடாதா?

சண்டைப் பயிற்சிக் கூடம் நடத்துவது என் அண்ணன். குத்துச்சண்டைக்காரன். சேர வருகிறவர்களுக்கு முதல் நாள் எல்லா வகையிலும் கொஞ்சம் ருசி காட்டுவார்கள். தாங்கவில்லையென்றால் தரையிலோ எதிராளி மேலோ கையால் தட்டவேண்டும், உடனே விட்டுவிடுவார்கள். வாயால் சொன்னால் செல்லாது, இந்தக் கூச்சலில் யார் காதிலும் விழாது என்பது அண்ணன் வைத்த சட்டம். எனக்கு மட்டும் கூடுதலாக ஒன்று வைத்தான். ஒரு தடவை தட்டினாலும் சேருகிற பேச்சை இனி எடுக்கவே கூடாது.

குத்துச்சண்டையில் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன், மூக்கில் குத்து விழுந்த பிறகுதான் திறந்தேன். கராத்தேயில் சும்மா நிற்பதே முதல் பாடம். தொடை நடுங்க நின்றேன். டேக்வாண்டோவில் எல்லாம் கால் வேலை. என் கால் இடுப்புக்கு மேல் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது, எகிறி உதைத்து நானே விழுந்தேன். மல்யுத்தக்காரி என் காலை வாரி மேலே படுத்து அமுக்கியபோது, விடு என்று கத்திவிட்டேன்.

"வாயால சொன்னா செல்லாது, தட்டு" என்று அண்ணன் சிரித்தான். கூடமே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டவில்லை. கடைசியில் அவளே சலித்துப்போய் எழுந்தாள்.

மிச்சம் இருந்தது ஜூடோ. இதில் குத்தும் இல்லை, உதையும் இல்லை, எல்லாம் பிடிதான் என்றார் சொல்லிக்கொடுக்கும் அக்கா. எதிராளியின் காலரைக் குறுக்குக் கையாகப் பிடித்து நெரிக்கும் விதத்தைக் காட்டினார். அதற்குள் அண்ணன், இவளை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஜூடோவுக்கான தடித்த சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். காலம் பூராவும் வெற்று மார்போடு, கையில் உறை போட்டுக் குத்தியவன். காலரைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

என்னைக் கீழே தள்ளி மேலே அமர்ந்தான். குனிந்து, தட்டிவிட்டு வீடு போய்ச் சேர் என்றான். காலர் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. குறுக்குக் கையாகப் பிடித்து இறுக்கினேன். தினமும் மூட்டை மாவு பிசைகிற கை இது.

அவன் முகம் சிவந்தது. என் மணிக்கட்டை இழுத்துப் பார்த்தான், அசையவில்லை.

"ஏய், விடு" என்றான், பாதிக் குரலில்.

"வாயால சொன்னா செல்லாதுண்ணே. தட்டு."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினான். உடனே விட்டேன், சட்டம் எனக்கும்தானே.

எழுந்து தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டேன். நாளைக்கு வகுப்பு எத்தனை மணிக்கு என்று ஜூடோ அக்காவிடம் கேட்டேன். அண்ணனிடம் கேட்கவில்லை.