ஒன்பது லட்சத் தீர்மானம்

மெட்டில்டா டீச்சர் வீட்டுக் கூடத்துச் சுவரில் பென்சிலால் போட்ட மூன்று கோடுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருட மழையில் தண்ணீர் ஏறி நின்ற உயரம். மூன்றாவது கோடு சோபாவின் கைப்பிடியைத் தாண்டியிருந்தது. நான்காவது கோடு போடும்படி ஆகக்கூடாது என்பது மட்டும்தான், ரிடையரான அந்தக் கணக்கு டீச்சரின் ஜெபம்.

பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய அந்தத் தெருவில் கடைசி வீடு, தாழ்ந்த வீடு, அவருடையது. தெரு நெடுக வடிகால் போடக் குடியிருப்போர் சங்கம் ஆறு லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தது. ஜூனில் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். ஜூனில் தலைவர் சத்யநாராயணன் யூடியூப் பார்க்கத் தொடங்கினார்.

"பெரிய பெரிய பேங்க்கெல்லாம் பிளாக்செயினுக்கு வந்தாச்சு. வெளிநாட்டுல பென்ஷன் ஃபண்டே கிரிப்டோ காயின் வாங்குது. நாமளும் ஒரு இன்ஸ்டிட்யூஷன்தானே?" என்றார் பொதுக்குழுவில்.

நாற்பத்திரண்டு வீடு, ஒரு நோட்டீஸ் போர்டு, சங்கிலி அறுந்த ஓர் ஊஞ்சல். அதுதான் அந்த இன்ஸ்டிட்யூஷன்.

"சார், பேங்க்காரங்க கணக்கு எழுதப் புதுசா ஒரு லெட்ஜர் வாங்கினா, நாம போய் லாட்டரிச் சீட்டு வாங்கணுமா?" என்று டீச்சர் கேட்டார்.

"டீச்சர், நீங்க பிளாக்போர்டு காலம். இது பிளாக்செயின் காலம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் அப்படியே கையையும் தூக்கினார்கள். சங்கத்தின் பேரில் கணக்குத் திறக்க வழியில்லை. ஆகவே பொருளாளர் என்ற பாவத்துக்கு மெட்டில்டா டீச்சரின் பேரிலேயே திறந்தார்கள். ஆறு லட்சமும் அவருடைய செல்போனுக்குள் ஒரு காயினாகப் போய் உட்கார்ந்தது.

செப்டம்பரில் அது ஒன்பது லட்சமானது. சத்யநாராயணன் தினமும் காலையில் நோட்டீஸ் போர்டில், தண்ணீர் லாரி வரும் நேரத்துக்குக் கீழே, சாக்பீஸால் விலையை எழுதினார். நடை மாறியது. பால்காரரிடம்கூட 'போர்ட்ஃபோலியோ' என்று பேசினார்.

"சார், இப்பவே வித்துடலாம். வடிகாலுக்கு ஆறு போக மூணு லட்சம் மிச்சம்" என்று டீச்சர் அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னார்.

"விக்கலாம். ஆனா முறைப்படி விக்கணும். சங்க பைலா விதிப்படி ஏழு நாள் நோட்டீஸ், குறைஞ்சது இருபத்தோரு பேர் கோரம். முப்பத்தாறு வருஷம் ஆபீஸ்ல ஃபைல் பார்த்தவன் நான்."

செயலாளர் ஜீவானந்தம் நோட்டீஸ் ஒட்டினார்: 'பொருள்: காயினை ரூபாய் ஒன்பது லட்சத்துக்கு விற்பது.'

பைலா காயினுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் ஏழரை. ஐந்தாம் நாள் ஆறு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்கள் பத்தொன்பது பேர். இரண்டு பேர் குறைந்ததால் கூட்டம் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போனது. போர்டில் விலை எழுதுவது நின்றது. சாக்பீஸ் தீர்ந்துவிட்டதாம்.

அடுத்த ஞாயிறு காலையில் அந்த வருடத்தின் முதல் மழை வந்துவிட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இருபத்துநான்கு பேர் வந்தார்கள். டீச்சரின் போன் நான்கு லட்சத்துப் பத்தாயிரம் என்றது.

"தீர்மானம்: காயினை ஒன்பது லட்சத்துக்கு விற்பது" என்று ஜீவானந்தம் வாசித்தார்.

"இப்ப விலை நாலு லட்சம் சார்" என்றார் டீச்சர்.

"நோட்டீஸ்ல ஒன்பதுன்னு இருக்கு. நோட்டீஸ்ல இருக்கறதைத்தான் பாஸ் பண்ண முடியும்" என்றார் தலைவர். "நாலுக்கு விக்கணும்னா புது நோட்டீஸ். இன்னும் ஏழு நாள்."

"சரி, ஒன்பதுக்கு யாரு வாங்குவாங்க?"

"அது மார்க்கெட் கவலை டீச்சர். நம்ம கடமை தீர்மானம்."

கைகள் உயர்ந்தன. படித்தவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவர்கள். ஓர் ஆள்கூடச் சிரிக்கவில்லை என்பதுதான் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தோரு வருடம் ரெஜிஸ்டரில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய கை, முதல் தடவையாக மேஜைக்கு அடியில் போனது. விற்கவா என்று போன் கேட்டது. அழுத்தினார்.

"வித்தாச்சு" என்று போனைத் தூக்கிக் காட்டினார். "நாலு லட்சத்து நாலாயிரம்."

பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஆறாயிரம் போயிருந்தது.

சத்யநாராயணன் எழுந்தார். "இது பைலா மீறல்! உங்களைப் பொறுப்பிலேர்ந்து நீக்க இப்பவே தீர்மானம்..."

"இப்ப முடியாது சார்" என்று ஜீவானந்தம் பைலா புத்தகத்தைப் புரட்டினார். "நோட்டீஸ்ல இந்தப் பொருள் இல்ல. ஏழு நாள் ஆகும்."

"ஒட்டுங்க" என்றார் டீச்சர். "ஏழு நாள் எனக்குப் போதும்."

பணம் இரண்டு நாளில் பேங்க்குக்கு வந்தது. அன்றே கான்ட்ராக்டர் சம்பத் ஜேசிபியோடு வந்துவிட்டார்.

"இன்னா டீச்சர், ஆறு லட்சம்னீங்க, நாலுதான் கீதுன்றீங்க? தெரு முழுசும் வராதே."

"எங்க ஆரம்பிக்கணும்?"

"ஏரிப் பக்கம்தான். தண்ணி போற எடத்துலேர்ந்துதானே மேல வரணும்?"

"ஆரம்பிங்க. காசு எங்க தீருதோ அங்க நிறுத்திடுங்க."

ஏழாம் நாள், மழைக்கு நடுவே, பொதுக்குழு மெட்டில்டா டீச்சரைப் பொருளாளர் பொறுப்பிலிருந்து ஏகமனதாக நீக்கியது. டீச்சரும் கை தூக்கினார்.

வீட்டுக்குத் திரும்பிக் கூடத்துச் சுவரைப் பார்த்தார். மூன்று கோடுகள்தான். தரை காய்ந்திருந்தது. வாசலில் வடிகால் சலசலவென்று ஏரிக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அதன் மேல் முனை பதிமூன்றாம் எண் வீட்டோடு முடிந்திருந்தது. அடுத்தது பன்னிரண்டாம் எண், தலைவர் வீடு; அதன் வாசல் பள்ளத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர். அங்கே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற சத்யநாராயணன் சம்பத்துக்குப் போன் செய்தார். சம்பத் எடுத்ததும் கேட்டது ஒன்றுதான்.

"சார், மீதி வேலைக்குத் தீர்மானம் போட்டாச்சா?"