சாய்த்தால் நீலம்

வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்திருக்கிறேன், ஒன்றுமில்லாத வெள்ளை இடத்தில் காந்தி மங்கலாக எழுந்து வருகிறார், நடுவே பச்சை இழை, கொஞ்சம் சாய்த்தால் அது நீலம், ஓரத்தில் கண் தெரியாதவர்களுக்காக மேடாக அச்சிட்ட ஏழு கோடுகள், எல்லாம் சரிதான், நல்ல நோட்டு, என் தம்பி ஆவுடையப்பன் கொடுத்த இரண்டாயிரம், ஆறு வருஷமாக என் பீரோவில் கிடக்கிறது, இதை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறாய் என்று கேட்க இந்த வீட்டில் ஆளில்லை, கணவர் மஸ்கட்டில், மகள் கோவை விடுதியில்.

அன்றைக்கு மகளுக்குச் சடங்கு, தாய்மாமன் சீர் வருகிறது, ஆட்டோக்காரன் என்ன கொண்டுவந்து கிழிக்கப்போகிறான் என்று என் மாமியார் வீட்டார் வாய்க்குள் சிரிக்கிறார்கள், அவன் ஏழு தட்டோடு வருகிறான், வெற்றிலைமேல் வைத்த புத்தம்புது நோட்டை எடுத்து என் கையில் கொடுக்கிறான், என் கை, பாழாய்ப்போன கை, பதினாறு வருஷம் கேஷ் கூண்டில் உட்கார்ந்த கை, என்னைக் கேட்காமலே அதை மண்டபத்து டியூப்லைட்டுக்கு எதிரே தூக்குகிறது, சாய்க்கிறது, ஓரத்தைத் தடவுகிறது, பேங்க்காரியாச்சே, தம்பின்னா மட்டும் விட்ருவாளா என்றாள் பெரிய நாத்தனார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்புதான் இன்னும் என்னைத் தின்கிறது, நல்ல நோட்டுதாம்க்கா, நல்லா பாத்துக்கோ என்றான் மெதுவாக, இலை போட்டும் உட்காரவில்லை, அதன்பிறகு என் வீட்டுப் படி ஏறவில்லை, போன் செய்தால் அவன் மனைவி எடுப்பாள், சவாரிக்குப் போயிருக்காவ மைனி என்பாள், பிறகு அதுவும் நின்றுபோனது.

இன்று இந்த நோட்டுகளை மாற்றக் கடைசி நாள், பேங்கில் என் கூண்டுக்கு முன்னால் வரிசை வாசல்வரை, தூக்கு, சாய், தடவு, அடுத்தவர், நிமிர்ந்தால் காக்கிச் சட்டை, முன்தலை நரைத்த என் தம்பி, கையில் ஒரே ஒரு நோட்டு, எங்கள் நடுவே ஒரே ஒரு பெரியவர், இந்தத் தடவை பார்க்கவே மாட்டேன், கள்ளநோட்டாகவே இருக்கட்டும், அப்படியே வாங்கிப் போட்டுக்கொள்வேன், வா ஆவுடை என்கிறேன் உள்ளுக்குள், பெரியவர் நகர்கிறார், அவன் என்னைப் பார்க்கிறான், பார்த்துவிட்டு விலகிப் பக்கத்துக் கவுண்டரின் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நிற்கிறான், கூப்பிட்டிருக்கலாம், அடுத்தவர் நீட்டிய நோட்டைத் தூக்கிப் பிடிக்கிறேன்.

அங்கே புதிதாக வந்த மரியசெல்வி, ஒரு மணி நேரம் கழித்து அவன் நோட்டைத் தூக்குகிறாள், சாய்க்கிறாள், தடவுகிறாள், அவன் கைகட்டி நிற்கிறான், முகத்தில் சின்னச் சுளிப்புகூட இல்லை, அவள் பார்க்கலாம், அவள் யாரோதானே, நாலு ஐநூறை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பாமல் போகிறான்.

என் நோட்டை நான் மாற்றவில்லை, வீட்டு ஜன்னலில் சாயங்கால வெயில், தூக்கிப் பிடித்திருக்கிறேன், காந்தி இருக்கிறார், இழை இருக்கிறது, சாய்த்தால் நீலம், நாளைக்கு எந்தக் கடைக்காரனும் இதைத் தொடமாட்டான், ஆறு வருஷத்துக்கு முன்னால் அத்தனை பேர் நடுவில் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டியதை ஆளில்லாத வீட்டில் சொல்கிறேன், நல்ல நோட்டுதான்டா ஆவுடை, உக்காரு, சாப்பிட்டுட்டுப் போ.