ஐந்து வீட்டு முடிச்சு

சீ! அந்தக் கொம்பனியின் பெயரைச் சொல்லவே வாய் கூசுகிறது. யாழ்ப்பாணப் பட்டணத்தில், கண்ணாடிக் கதவும் குளிர்காற்றுமாக, வாசலில் பெரிய குத்துவிளக்குப் படம் போட்டுக்கொண்டு கடன் கொடுக்கிற கொம்பனி ஒன்று இருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நயினாதீவுச் சிவரூபியின் புருசன் மயில்வாகனம், குருநாகலில் கடை வைத்திருந்த மனுசன், உயிரோடு இருந்த காலத்தில் அங்கேதான் நகை வைக்க ஒரு லொக்கர் வாடகைக்கு எடுத்தார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் சிவரூபி அதை விடவில்லை.

லொக்கர் என்னவோ சிவரூபியின் பெயரில்தான். உள்ளே இருந்தது ஐந்து வீட்டுப் பொன். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே படுக்கிற பெண்கள், கள்ளருக்குப் பயந்து, "நீர்தானே பட்டணத்துக்குப் போறனீர், இதையும் வையும்" என்று ஒவ்வொருத்தியாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதலில் கொடுத்தவள் பக்கத்து வீட்டுச் சீதேவி. அவரவர் நகையை அவரவர் வீட்டுப் பழந்துணியில் முடிந்து தருவார்கள். சீதேவியுடையது மகள் கோபிகாவின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் கிழித்தது. நல்லம்மாவுடையது ஊதாச் சேலைக் கரை. இன்னொன்று கட்டம் போட்ட சாரத்துண்டு. கல்யாணம், சாமத்தியவீடு என்று வந்தால் சிவரூபி படகேறிப் போய் முடிச்சை முடிச்சாகவே கொண்டுவந்து கொடுப்பாள். காரியம் முடிந்ததும் முடிச்சாகவே கொண்டுபோய் வைப்பாள்.

ஒருநாளும் அவிழ்த்துப் பார்த்ததில்லை. அப்படிப் பார்ப்பது அடுத்த வீட்டுக் குசினிக்குள் போய்ச் சட்டி திறந்து பார்க்கிற மாதிரி அவளுக்கு. கல்யாண வீட்டிலும் யார் கழுத்தில் என்ன கிடக்கிறது என்று நோட்டம் விடுகிற பழக்கம் இல்லை. "எனக்குத் துணியைத்தான் தெரியும், உள்ளுக்கிருக்கிறது எனக்கேன்?" என்பாள். தீவில் அவளுக்கு இருந்த நல்ல பேர் முழுவதும் இந்த ஒன்றால் வந்ததுதான்.

கோபிகாவுக்குக் கல்யாணம் நெருங்கியது. சீதேவியின் முடிச்சை எடுத்துவரச் சிவரூபி காலைப் படகில் குறிகாட்டுவான் துறைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கொம்பனிக்குப் போனாள். லொக்கர் இருந்த அறையைக் காணவில்லை. அங்கே மோட்டார்சைக்கிள் லீசிங்குக்கு ஆட்கள் கதிரை போட்டு இருந்தார்கள்.

கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பெடியன், சுலக்சன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவன், கணினியிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னான்.

"லொக்கர் சேவை நிப்பாட்டியாச்சு அம்மா. போன மாசமே அறிவிச்சனாங்கள்."

"ஆருக்குத் தம்பி அறிவிச்சனீங்கள்?"

"விலாசத்துக்குக் கடிதம் போட்டது. பத்து நாள் அவகாசமும் குடுத்தது. பேப்பரிலயும் போட்டது."

"எந்தப் பேப்பரில?"

"இங்கிலீசுப் பேப்பரில."

எப்படியிருக்கிறது கதை? தீவுப் பெண்கள் காலையில் எழும்பி இங்கிலீசுப் பேப்பரோடுதானே தேத்தண்ணி குடிக்கிறார்கள்! விலாசத்தின் கதை அதைவிட. தீவு விலாசத்தைக் கொடுத்தால் கடிதம் படகேறி வர வேண்டும், காற்றுக்காலத்தில் வராமலே விடும் என்று தீவார் எல்லாரும் பட்டணத்துச் சொந்தக்காரரின் விலாசத்தையே எழுதிக் கொடுப்பார்கள். மயில்வாகனமும் கொக்குவிலில் இருந்த தமையன் வீட்டைத்தான் எழுதிக் கொடுத்தார். தமையன் குடும்பம் கனடாவுக்குப் போய் எத்தனையோ வருசம். அந்த வீட்டில் இப்போது இருப்பவர்கள் கடிதத்தை எந்த அடுப்பில் வைத்தார்களோ, யார் கண்டது? ஆனால் சிவரூபியின் ரெலிபோன் நம்பர் கொம்பனியிடம் இருந்தது. வாடகை பிந்தினால் மட்டும் அந்த நம்பருக்கு உடனே அடிக்கத் தெரியும் அவர்களுக்கு.

"திறப்பு என்னட்டையெல்லே கிடக்கு? எப்பிடித் திறந்தனீங்கள்?"

"துளை போட்டுத்தான். சாட்சிக்கு ஆக்கள் நிண்டவை, பயப்பிடாதேங்கோ." அவன் உள்ளே போய், நம்பர் ஒட்டிய பிளாஸ்ரிக் பையொன்றைக் கத்தரிக்காய் கொண்டுவருகிற மாதிரி ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்தான். "எல்லாம் சரியாக் கிடைச்சது எண்டு இதில கையெழுத்து வையுங்கோ. பேந்து உடைக்கலாம்."

"பாக்க முந்தியே சரியெண்டு எப்பிடி மோனை சொல்லுறது?"

"அதுதான் அம்மா நடைமுறை."

நடைமுறையாம், கண்டறியாத நடைமுறை! கையெழுத்து வைக்காவிட்டால் பையைத் தரமாட்டார்கள். பையில்லாமல் போனால் கோபிகாவின் கழுத்துக்கு என்ன பதில்? சிவரூபி பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தாள். பையை உடைத்தாள். உள்ளே ஐந்து வீட்டுப் பொன்னும் ஒன்றாய்க் குவிந்து, சங்கிலியும் சங்கிலியும் சிக்குப்பட்டுக் கிடந்தது. ஒரு துணித்துண்டைக்கூடக் காணவில்லை.

"முடிஞ்சிருந்த துணியள் எங்கை?"

"ஓ, அந்தப் பழந்துணியளோ?" அவன் சிரித்தான். "மணத்துக் கிடந்தது அம்மா, குப்பையில போட்டாச்சு. நகையளைத் துடைச்சு வடிவா வச்சிருக்கிறம்."

"ஐயோ தம்பி, அதைப் பாத்துத்தானே எது ஆற்றை எண்டு எனக்குத் தெரியும்!"

"உங்கட நகை எது எண்டு உங்களுக்கே தெரியாதே?" பக்கத்துக் கதிரையில் வேலை பார்த்த பெண்ணைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "பிறத்தியாற்றை சாமான் வைக்கிறது சட்டப்படி பிழை, தெரியுமோ? நாங்கள் பெரிசுபடுத்தேல்லை. கொண்டுபோங்கோ."

துளை போட்டுத் திறந்தவனுக்கு இவள் நன்றி சொல்ல வேண்டுமாம். சிவரூபி நகைகளை அள்ளித் திரும்பவும் பையில் போட்டாள். பையை மடியில் இறுக்கிக்கொண்டு பஸ்ஸில் அழுதாள்.

பின்னேரம் அவளுடைய வீட்டு விறாந்தையில் பாய் விரித்து எல்லாவற்றையும் கொட்டினார்கள். தன்னுடைய தாலிக்கொடியையும் காப்புகளையும் சிவரூபி எடுத்து ஒரு பக்கம் வைத்தாள். மற்றப் பெண்கள் தங்கள் தங்கள் பொருளைப் பொறுக்கினார்கள். நல்லம்மா ஒரு சங்கிலிக்கு இரண்டு தரம் கை நீட்டி, மற்றவர்கள் பார்த்ததும் கையை இழுத்தாள். சீதேவி மட்டும் பாயைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

"என்ர சிவப்புக்கல் அட்டியல் எங்கை?"

மற்றவர்கள் தங்கள் மடியைத் தடவிப் பார்த்தார்கள்.

"அம்மா எனக்குப் போட்டுவிட்டது. கோபிகாவுக்கு அதைத்தான் போடுறதெண்டு மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லியாச்சு. சிவரூபி, பையை உடைச்சது நீர்தானே? வழியில எங்கையும் வச்செடுத்தனீரோ?"

"என்ன கதை கதைக்கிறியள் அக்கா?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. அம்மன் வாசலில கற்பூரம் கொளுத்தி, கையால அணைச்சு, நான் எடுக்கேல்லை எண்டு சத்தியம் பண்ணும். பேந்து நான் வாய் திறக்கன்."

கற்பூரம்! கள்ளரைத்தான் அம்மன் வாசலுக்குக் கூப்பிட்டுக் கற்பூரம் அணைக்கச் சொல்வார்கள். அன்றைக்குத் தன் பொன்னைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த அதே சீதேவி அப்படிக் கேட்டாள். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். ஒருத்தியாவது "சீ, சிவரூபி அப்படிப்பட்டவள் இல்லை" என்று சொல்ல வேண்டாமா?

அப்போதுதான் பாயின் ஓரத்தில் ஒன்று மிஞ்சிக் கிடந்ததைச் சிவரூபி கண்டாள். தடித்த சங்கிலி. ஒவ்வொருத்தியும் அது அடுத்தவளுடையது என்று விட்டிருக்கிறார்கள். தூக்கிப் பார்த்தாள். நுனியில் குருசு தொங்கியது.

ஐந்து வீடும் சைவ வீடு.

"வேதக்காரற்றை சாமானெல்லே?" என்றாள் நல்லம்மா. "அப்ப அவங்கள்தான் மாத்திப் போட்டிருக்கிறாங்கள், கோதாரியில போவார்!"

சீதேவியின் முகம் ஒருகணம் செத்துப்போனது. ஒரு சொல், 'பிழையாக் கதைச்சுப்போட்டன்' என்று ஒரே ஒரு சொல் வரும் என்று சிவரூபி பார்த்திருந்தாள். சீதேவி சங்கிலியைக் கையில் வாங்கி நிறை பார்த்தாள்.

"மாறினது மாறிப்போச்சு. உந்தச் சங்கிலியை உருக்குவம். உருக்கினா எல்லாம் பொன்தானே."

சிவரூபி அதைப் பறித்தெடுத்தாள். "எழும்புங்கோ! எல்லாரும் எழும்பி வீட்டை போங்கோ!" என்று கத்தினாள். அலுமாரியைத் திறந்து தன் பழைய சேலையொன்றில் ஒரு துண்டு கிழித்து, அந்த யாரோ ஒருத்தியின் சங்கிலியை முடிந்து வைத்தாள். அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

விடிந்ததும் மறுபடி கொம்பனி. "எங்களிட்டத் தாங்கோ அம்மா, நாங்கள் குடுக்கிறம்" என்றான் சுலக்சன். "உங்களிட்டையோ!" என்று சொல்லிவிட்டு, சங்கிலிக்காரி தேடி வருவாள் என்று கதிரையில் இருந்தாள். வெளியே போகச் சொன்னார்கள். போகவில்லை. பூட்டும் வரை இருந்துவிட்டு, அன்றிரவு பட்டணத்தில் ஒரு தெரிந்த வீட்டில் படுத்து, மறுநாளும் வந்து இருந்தாள். மத்தியானத்துக்குக் கிட்ட அங்கே லொக்கர் வைத்திருந்த இன்னொருத்தி, ஊர்காவற்றுறைப் பிலோமினம்மா, கத்திக்கொண்டே கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே வந்தாள். "என்ர குருசுச் சங்கிலி எங்கையடா?" என்று அவள் ஆட்டிய கையில், லேஞ்சித் துணிக்குள் சிவப்புக்கல் மினுங்கியது.

இரண்டு பெண்களும் அந்த இடத்திலேயே மாற்றிக்கொண்டார்கள்.

"பேசாமல் வச்சிரு எண்டு மருமோன் சொன்னவன்," என்றாள் பிலோமினம்மா. "ஆற்றையோ பிள்ளையின்ர கழுத்துக்கு இருக்கிற சாமானெல்லே, அரியண்டம், அது என்ர வீட்டில இருந்தா எனக்குச் சோறு இறங்குமே?"

சிவரூபி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மனேச்சர் உள்ளறையிலிருந்து பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார். "பாத்தீங்களே அம்மா? ஒண்டுமே துலையேல்லை. எங்களிட்டப் பொருள் எப்பவும் பத்திரம். ரெண்டு பேரும் சிரிச்சபடி நில்லுங்கோ, ஒரு படம் எடுத்துப் பேஸ்புக்கில போடுவம்."

சிவரூபி வெளியே வந்து, குத்துவிளக்குப் படத்துக்குக் கீழே காறித் துப்பினாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அட்டியல் கோபிகாவின் கழுத்தில் வடிவாய்த்தான் இருந்தது. அடுத்த கிழமை சீதேவி வந்தாள். கையில் முடிச்சு, அதே வெள்ளைச் சட்டையில் மிச்சம் கிடந்த துண்டில் முடிந்தது. கற்பூரத்தைப் பற்றி ஒரு பேச்சில்லை.

"உம்மட அலுமாரியிலயே வையும் சிவரூபி. உம்மை விட்டா நான் ஆரிட்டக் குடுக்கிறது?"

சிவரூபி கை நீட்டவில்லை.

"அவிழுங்கோ."

"என்ன?"

"முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொண்டாக் காட்டுங்கோ. இன்னது இன்னது தந்தனான் எண்டு எழுதிக் கையெழுத்தும் வையுங்கோ."

சீதேவி திகைத்துப்போனாள். "என்னடி இது? எங்களுக்குள்ள எந்தக் காலத்தில இப்பிடி இருந்தது?"

"அதுதான் அக்கா நடைமுறை."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய சொல் என்று சிவரூபிக்கு விளங்கியது. சீ, தன் வாயைத் தானே கழுவ வேண்டும் போல அருவருத்தது. ஆனாலும், சீதேவி அந்த முடிச்சை மார்போடு பிடித்துக்கொண்டு படலையைத் திறந்து போகும் வரை, அவள் கூப்பிடவில்லை.