அபேபார வீதி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் பிழையில் பிறந்தது. 2004இல் நுவரெலியாவில் ஒரு வீதி அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளன். யாழ்ப்பாணத்து ஆள், என் சிங்களம் பரீட்சைக்குப் படித்த சிங்களம்.

முதல் வரியை இப்படித்தான் தொடங்கினேன்: 'மூடுபனி மெல்ல விலகிய மலைச்சரிவில்...' (அடித்துவிட்டேன். மலையகக் கதையென்றால் பனி வந்தே ஆக வேண்டுமா?)

2

ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறிக்கும் வேலாயி. லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, பெரிய ரோட்டுக்கு இறங்கும் பாதை தோட்டக் கொம்பனிக்குச் சொந்தம். அதன் வாயில் ஒரு சங்கிலி, பூட்டோடு. தோட்டத்தை நடத்தும் துரையின் கடிதம் இல்லாமல் வெளி வண்டி உள்ளே வர முடியாது. முந்தின வருடம் அதே லயத்து நல்லமுத்துவின் மனைவிக்கு அந்தச் சங்கிலியடியிலேயே பிள்ளை பிறந்தது. சாவி வைத்திருந்த காவல்காரர் எங்கோ போயிருந்தார்.

இப்போது வேலாயியின் மகள் பிரியந்தி மூன்று மாதக் கர்ப்பம். பாதையை மாகாணம் எடுத்துக்கொண்டால் சங்கிலி போகும், பஸ் வரும். ஆனால் அதற்கான கோப்பு முந்துமா, வயிறு முந்துமா?

(இந்த இடத்தில் வேலாயியை அழவைக்கப் பார்த்தேன். மனுஷி அழமாட்டேன் என்றுவிட்டாள்.)

3

தை மாதம் பாதையை அளக்கச் சிங்கள உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். படிவத்தில் 'உரிமையாளர்' என்றொரு கட்டம். அதில் கொம்பனி என்று விழுந்தால் சம்மதம் கேட்டுக் கோப்பு கொழும்புக்குப் போகும். போன கோப்பு எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

"மே பார காகேத?" இந்தப் பாதை யாருடையது என்று கேட்டார்.

வேலாயி கூடையை இறக்கவேயில்லை. "அபே"* என்றாள். எங்களுடையது.

(* மரக்கறிக் கடையில் கற்ற சிங்களம். விலை பேசவும் சண்டை போடவும் தாராளமாகப் போதும்.)

அவர் சிரித்தாரா, எரிச்சல்பட்டாரா, எனக்குத் தெரியாது. சிரித்தார் என்றே எழுதுகிறேன். உரிமையாளர் கட்டத்தை வெறுமையாக விட்டார். பெயர்க் கட்டத்தில் 'அபே பார' என்று எழுதினார். எங்கள் பாதை.

4

கோப்பு என் மேசைக்கு வந்தது. பார என்றாலே பாதைதான். நானோ அதை ஏதோ ஊர்ப்பெயர் போல 'அபேபார வீதி' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள்-பாதைப்-பாதை! தெரியாமல் செய்தேனா, தெரிந்தே—

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. எனக்கு ஓய்வூதியம் வருகிறது.)

தேர்தல் வருடமாதலால் வைகாசியிலேயே பாதையை மாகாணம் எடுக்கும் அறிவித்தல் வெளிவந்தது. ஆட்சேபனை இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஆங்கிலப் பகுதியைப் படித்தார். தோட்டத்து வரைபடம் முழுக்கத் தேடினார். அபேபார என்று ஒன்றுமில்லை. "நம்ம தோட்டத்து ரோடு இல்லீங்க தொரை" என்று சொல்லித் தாளை மடித்து வைத்தார். முப்பது நாளும் ஓடிப்போயின!

5

முப்பத்தோராம் நாள் சங்கிலியைக் கழற்றினார்கள். துரைக்குக் கோபம் தலைக்கேறி என்ன, அரசாங்க முத்திரை விழுந்தாயிற்று. லயத்துச் சனம் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கூடப் போகாமல் வந்து நின்று பார்த்தது.

அடுத்த மாதம் பிரியந்திக்கு வலி கண்டது. வேன் ஓட்டும் வீரய்யா ராகலையிலிருந்து வேனைக் கொண்டுவந்து லயத்து வாசலிலேயே நிறுத்தி அவளை ஏற்றினான். கீழே இறங்கும்போது, சங்கிலி இருந்த இடம் வந்ததும் பழக்கதோஷத்தில் பிரேக்கை அழுத்திவிட்டான்.

"ஏன்டா நிப்பாட்டுற?" வேலாயி பின்சீட்டிலிருந்து கத்தினாள். "யாருக்குடா பயப்புடுற? ஹோர்ன் அடிச்சுக்கிட்டுப் போடா!"

அடித்தான். நீளமாக அடித்தான். அந்தச் சத்தத்தை எழுதும்போது எனக்கே நெஞ்சு நிமிர்கிறது.

6

முடிவுக்கு மூன்று வரைவு வைத்திருந்தேன். ஒன்றில் பெண், ஒன்றில் பையன், ஒன்றில் என் பிழைக்கு மன்னிப்பு. மூன்றையும் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையில் பஸ்சில் ஏறிப்போய் வேலாயியிடம் வாசித்துக் காட்டினேன்.

"ஐயா, எதுக்கு இத எழுதுறீங்க? புள்ள என்னான்னு தெரியணும்னா வந்து பாக்கச் சொல்லுங்க."

"இவ்வளவு தூரம் ஆர் வருவினம் அம்மா?"

"ஏன் வரமாட்டாங்க? ரோடுதான் இருக்கே."

அதனால் முடிவை இங்கே எழுதவில்லை. அது மேலே லயத்தில் இருக்கிறது. ராகலையிலிருந்து காலை ஏழே காலுக்கு பஸ். ஏறிக்கொள்ளுங்கள். துரையின் கடிதம் தேவையில்லை.