மேல்வரிசை, கீழ்வரிசை

"உண்மையைச் சொல்லு, ரப்பர் மாட்டுறியா, இல்லையா?" என்று டாக்டர் பிம்பா கேட்டபோது சோமின் வாய்க்குள் அவருடைய இரண்டு விரல்களும் ஒரு கண்ணாடிக் குச்சியும் இருந்தன. சோம் "ஆ" என்றாள். அது ஆமாவா, இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டர் விரல்களை எடுத்துக்கொண்டு, முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மானொப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பா, கொஞ்சம் இங்க வாங்க."

மானொப் எழுந்து போனான். விளக்கு வெளிச்சத்தில் மகளின் வாய் ஒரு சின்னக் கடையைப்போலத் திறந்து கிடந்தது. கம்பி, கொக்கி, ஒவ்வொரு பல்லிலும் ஊதாநிற வளையம். மேல்வரிசை முன்னாலேயே நின்றது. கீழ்வரிசை பின்தங்கியிருந்தது. இரண்டுக்கும் நடுவே அவனுடைய சுண்டுவிரல் நுழையும்போலிருந்தது. மேலே சிங்கப்பல்லில் இருந்து கீழே கடைவாய்ப்பல் வரை ஒரு குட்டி ரப்பரை இழுத்து மாட்டிக்கொண்டே இருந்தால் இரண்டும் மெல்ல ஒன்றை நோக்கி ஒன்று வரும். ஆரம்பத்திலேயே இதைச் சொல்லித்தான் ரப்பர் பாக்கெட்டுகளைக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு விலங்கின் படம் இருக்கும்.

"போன தடவையும் இப்படியேதான் இருந்துச்சு. அதுக்கு முந்தியும். சாப்பிடுற நேரம் தவிர எப்பவும் மாட்டியிருந்தா இந்நேரம் மூடியிருக்கணும்," என்றார் டாக்டர். பிறகு எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு, பேனா முனையால் முன்பற்கள் இரண்டையும் தொட்டுக் காட்டினார். "இந்த வேரைப் பாருங்க. முனை கூரா இருக்கணும். இது ரெண்டும் லேசா மழுங்க ஆரம்பிச்சிருக்கு. கம்பி தேவைக்கு மேல வாயில இருக்கக் கூடாதுங்க. வேர் தேஞ்சா தேஞ்சதுதான், திரும்ப வளராது."

ஓர் அப்பா எப்படித் தலையசைக்க வேண்டுமோ அப்படி மானொப் தலையசைத்தான். நெற்றியைச் சுருக்கி மகளை ஒரு முறை முறைத்தும் பார்த்தான். ஆனால் நெஞ்சுக்குள் வேறு ஏதோ ஒன்று துள்ளி எழுந்துவிட்டது. அப்படியென்றால் இன்னும் முடியவில்லை. இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அது மகிழ்ச்சி என்று புரிந்தபோது அவனுக்குக் காது மடல்கள் சூடாகிவிட்டன.

மானொப் தெற்குத் தாய்லாந்தில், சொங்க்லா துறைமுகத்தில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தான். கடலுக்குப் போய்வரும் படகுகளுக்கு ஐஸ் பாரை உடைத்துக் குழாய் வழியாக இறக்கும் வேலை. ஃபேக்டரி மாடியிலேயே ஓர் அறை. மனைவி ரச்சனி அவனைவிட்டுப் பிரிந்து, பக்கத்து நகரமான ஹாட்யாயில் கார் விற்கும் கம்பெனியில் மேனேஜராக இருக்கும் கிட்டியைக் கல்யாணம் செய்துகொண்டபோது சோம் பால்பல் விழுந்த பொக்கை வாயோடு இருந்தாள். முதலில் வாராவாரம் மகளைப் பார்க்கலாம் என்றுதான் பேச்சு. பிறகு நீச்சல் வகுப்பு வந்தது, டியூஷன் வந்தது, யார் யாருடைய பிறந்தநாளோ வந்தது. சண்டை எதுவும் நடக்கவில்லை. கரையோர மணல் கரைவதுபோல வாரங்கள் கரைந்து போயின. கடைசியில் மிஞ்சியது பல் மட்டும்தான். கிட்டி நல்ல மனிதர். பல் வேலையையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மானொப் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான். "பல்லு என் பொறுப்பு" என்றான் போனில். மறுமுனையில் ரச்சனி, "சரி, பல்லு உங்களோடது" என்றாள், சொத்தைப் பங்கு பிரித்துக் கொடுப்பதுபோல.

ஆக, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் வேனில் ஹாட்யாய்க்குப் போய் க்ளினிக் வாசலில் நிற்பான். ரச்சனியின் கார் வந்து மகளை இறக்கிவிட்டுப் போகும். கம்பியை முறுக்கிய பிறகு சோமுக்குப் பல் கூசும், எதையும் கடிக்க முடியாது. அதனால் பக்கத்துத் தெருவில் கஞ்சிக் கடைக்குப் போவார்கள். அவள் இஞ்சி வேண்டாம் என்று சொல்லிக் கஞ்சி குடிப்பாள். இவன் எதிரே உட்கார்ந்து அவளைப் பார்ப்பான். முதல் வருடம், "இந்தத் தடவை என்ன கலர் வளையம் போடலாம்ப்பா?" என்று அவனிடம்தான் கேட்பாள். அவன் பச்சை என்று சொன்னால் பச்சை. இப்போதெல்லாம் நாற்காலியில் ஏறும்போதே தோழிகளோடு பேசி முடிவுசெய்த கலரை நர்ஸிடம் சொல்லிவிடுகிறாள்.

அன்றும் கஞ்சிக் கடைக்குப் போனார்கள். ரப்பரைப்பற்றி அவன் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயமாக இருந்தது. கேட்காமலிருந்தால் தானே ஒரு பதிலை வைத்துக்கொள்ளலாம். அந்த மாதம் முழுக்க அவன் அந்தப் பதிலோடுதான் வாழ்ந்தான். பிள்ளை வேண்டுமென்றேதான் மாட்டாமல் இருக்கிறாள். பல் வேலை முடிந்துவிட்டால் அப்பாவைப் பார்க்க முடியாது என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் அவன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டதை ஃபோர்மேன் யூசோப் பார்த்துவிட்டார்.

"என்னடா தம்பி, எவளையாவது புடிச்சிட்டியா? ஐஸைப் பாத்து ஈன்னு இளிக்கிற?"

"போங்கண்ணே. என் மக பல்லைப்பத்தி நெனைச்சேன்."

"அவ பல்லை நெனைச்சா நீ எதுக்குடா உன் பல்லைக் காட்டுற?" என்று சொல்லிவிட்டுப் போனார் யூசோப்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வாய்க்குள் ஒரு மாற்றமும் இல்லை. டாக்டர் இந்த முறை திட்டவில்லை. அடுத்த தேதியை மட்டும் அட்டையில் எழுதிக் கொடுத்தார், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கஞ்சிக் கடையில் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்தது. மானொப் மிளகுத்தூளை மகள் பக்கம் நகர்த்திவைத்து, முடிந்தவரை சாதாரணமான குரலில், "ஏன்டா மாட்ட மாட்டேங்குற? வலிக்குதா?" என்று கேட்டான்.

"வலியெல்லாம் இல்ல."

"அப்புறம்?"

சோம் கரண்டியால் கஞ்சியைக் கிளறிக்கொண்டேயிருந்தாள். "ரயோங்குக்குப் போறோமாம். கிட்டி அப்பாவுக்கு அங்க மாத்தலாயிடுச்சு. என் பல்லு வேலை முடிஞ்சதும் போயிடலாம்னு அம்மா சொன்னாங்க. பாதியில வேற டாக்டர்கிட்ட மாத்தினா கெட்டுப்போயிடுமாம்." நிமிர்ந்து பார்த்தாள். "முடியலன்னா போக முடியாதுல்ல?"

ரயோங் எங்கேயோ வடக்கே, பாங்காக்கையும் தாண்டி. அவன் ஏறிவரும் வேன் போகும் ஊர் இல்லை அது. தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்று மானொப் நினைத்துக்கொண்டான். பிறகு, யார் சொல்லியிருக்க வேண்டும் என்றும் நினைத்தான்.

"உனக்குப் போகப் பிடிக்கலையா?"

"எப்படிப் பிடிக்கும்? மியாவ் இங்க இருக்கா, ஃபாங் இருக்கா. நீச்சல் டீம்ல இப்பதான் என்னை எடுத்திருக்காங்க. அங்க போயி யாரைத் தெரியும் எனக்கு? எங்க வீட்டு நாயைக்கூட அடுத்த வீட்டுல குடுத்துட்டுப் போகணுமாம்ப்பா." கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அவள் சொல்லிக்கொண்டே போனாள். நீச்சல்குளத்துக்கு எதிரே ஐஸ்க்ரீம் விற்கும் அக்கா, மாடியில் அவளுடைய அறை, அந்த ஜன்னல். மானொப் ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டான். காத்திருந்தான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கஞ்சியைக் குடிக்க ஆரம்பித்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தான்.

வேனில் திரும்பும்போது மழை. அப்பாவுக்காக இல்லையென்றால் என்ன, அவள் இங்கேதானே இருப்பாள் என்று ஒரு மனம் சொன்னது. நீ ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டு இரு, அது போதும். உண்மையில் அவன் சில நாட்கள் அப்படித்தான் இருந்தான். ரச்சனி, "டாக்டர் என்ன சொன்னாங்க? ஏன் இவ்வளவு லேட்டாகுது?" என்று செய்தி அனுப்பியபோது, "நேரம் எடுக்கும்னு சொன்னாங்க" என்று பதில் போட்டான். ஆனால் அந்த எக்ஸ்ரே அவனை விடவில்லை. படகுக்குள் ஐஸ் கொட்டும்போதும், அறையில் தனியாகச் சோறு தின்னும்போதும், கூர் மழுங்கிய அந்த இரண்டு வேர்களும் கண்முன் நின்றன. ஈறுக்குள்ளே, யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், பிள்ளையின் உடம்பு தேய்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு அவன் காவல் நிற்கிறான். நாக்கால் தன் முன்பற்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். 

ஒரு சாயங்காலம், படகுகள் வருவதற்கு முன், மகளுக்கு வீடியோவில் கூப்பிட்டான். அவன் அப்படிக் கூப்பிடுவதே இல்லை. சோம் பயந்துபோய் எடுத்தாள்.

"என்னப்பா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ரப்பரை எடுத்து மாட்டு. அப்பாகிட்டக் காட்டு."

"அப்பா, நான்தான் சொன்னேன்ல..."

"சொன்னே. வேர் தேயுதுன்னு டாக்டர் சொன்னது உன் காதுலயும் விழுந்துச்சு. மாட்டு."

அவள் முகம் சட்டென்று இறுகியது. அந்த நொடியில் அவள் ரச்சனியைப்போலவே இருந்தாள். "நீங்களும் என்னை அனுப்பத்தான் பாக்குறீங்க," என்றாள்.

  இல்லை என்று சொன்னால் அடுத்து என்னவெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும். "உன் பல்லு, அதுதான் எனக்கு முக்கியம்" என்று மட்டும் சொன்னான். அது அவனுக்கே டாக்டர் பேசுவதுபோல இருந்தது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கூப்பிட்டான். சோம் எடுப்பாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். போனை வாய்க்கு நேரே கொண்டுபோய் ஆவென்று திறப்பாள். திரை முழுக்க வாய். இரண்டு பக்கமும் ரப்பர் இழுத்து நிற்கும், அதன் பின்னால் இருட்டு. "சரிடா" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் துண்டித்துவிடுவாள். மாதத்துக்கொரு முறை பார்த்த பிள்ளையை இப்போது தினமும் பார்க்கிறான், ஆனால் முகத்தை அல்ல. சில நாள் போன் ஆடும்போது அவளுக்குப் பின்னால் நீல அலமாரி ஒன்றும், சுவரில் தொங்கும் நீச்சல் கண்ணாடியும் ஒரு கணம் தெரியும். அந்த அறைக்குள் அவன் போனதில்லை.

ஒரு நாள் வாயைக் காட்டிய பிறகு அவள் துண்டிக்க மறந்துவிட்டாள். போனை மேஜைமேல் கவிழ்க்காமல் வைத்திருக்க வேண்டும். திரையில் மின்விசிறி சுற்றியது. பேனாவால் எழுதும் சத்தம், நாற்காலி நகரும் சத்தம், நடுநடுவே ரப்பர் மாட்டிய வாயோடு அவள் ஏதோ ஒரு பாட்டை முனகும் சத்தம். மானொப் மூச்சைக்கூட மெதுவாக விட்டான். பேசினால் தெரிந்துவிடும், தெரிந்தால் துண்டித்துவிடுவாள். கீழே படகுக்காரர்கள் ஐஸ் கேட்டு ஹாரன் அடித்தார்கள். யூசோப் படியேறி வந்து, "டேய், செத்துட்டியா? மீனெல்லாம் நாறுது!" என்று கத்தினார். மானொப் உதட்டில் விரலை வைத்துக் கெஞ்சுவதுபோலப் பார்த்தான். யூசோப் அந்தத் திரையை எட்டிப் பார்த்தார். மின்விசிறியைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. ஏதோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் கீழே இறங்கிப் போய்த் தானே இயந்திரத்தை ஓட்டினார்.

மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு வரிசையும் வந்து சேர்ந்துவிட்டன. கம்பியைக் கழற்றிய அன்று டாக்டர் பிம்பா சோமின் கன்னத்தைத் தட்டி, "கெட்டிக்காரி. அப்பா விடாம நின்னிருக்காரு போல," என்றார். வேர் அதற்கு மேல் தேயவில்லையாம். இனி பல் திரும்ப நகராமலிருக்கத் தூங்கும்போது ஒரு பிளேட் மாட்டிக்கொண்டால் போதும், அதை எந்த ஊர் டாக்டரிடமும் காட்டிக்கொள்ளலாம். சோம் கண்ணாடியைக் கையில் வாங்கிச் சிரித்துப் பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பிச் சிரித்தாள். நாக்கால் பற்களைத் தடவி, "வழுக்குது!" என்றாள். போனை எடுத்து அம்மாவுக்கு ஒரு படம், மியாவுக்கு ஒரு படம் அனுப்பினாள். மானொப் சுவரோரம் நின்று அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் கால் பழக்கத்தில் கஞ்சிக் கடைப் பக்கம் திரும்பினான். சோம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னைக்கும் கஞ்சியா? போங்கப்பா!" வேன் நிற்குமிடத்தில் தள்ளுவண்டிக்காரி கொய்யாப்பழம் வைத்திருந்தாள். ஒன்றை எடுத்து வெட்டப்போனவளை, "வெட்டாதீங்கக்கா, முழுசா குடுங்க, நான் கடிச்சுத் திங்கணும்," என்று சோம் தடுத்தாள். மிளகாய் உப்பைத் தொட்டுக்கொண்டு கடித்தாள். பச்சைக் கொய்யா உடையும் சத்தம் தெருச் சத்தத்துக்கு மேல் கேட்டது.

"எப்ப கிளம்புறீங்க?" என்று கேட்டான்.

"வர்ற வாரம்." மென்றுகொண்டே கொஞ்ச தூரம் நடந்தாள். "அங்க கடல் இருக்காம்ப்பா. ஐஸ் ஃபேக்டரியும் இருக்கும்ல?"

"இருக்கும்."

  ரச்சனியின் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. சோம் கையிலிருந்த பாதிப் பழத்தைப் பார்த்தாள். "கார்ல சாப்பிடக் கூடாது, கிட்டி அப்பா திட்டுவாரு," என்று அதை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஓடினாள். கதவு சாத்தும் முன் திரும்பி ஒரு சிரிப்பு சிரித்தாள். அந்தப் புது வாயால் அவனைப் பார்த்து அவள் சிரித்த முதல் சிரிப்பு. கார் வளைவில் திரும்பி மறைந்தது.

"சொங்க்லா, சொங்க்லா! ரெண்டு சீட்டுதான், ஏறுங்கண்ணே!" என்றான் வேன்காரன்.

மானொப் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். மடியில் கொய்யாப்பழம். கடித்த இடத்தில் பற்களின் தடம் அச்சடித்ததுபோல் பதிந்திருந்தது, ஒன்றையடுத்து ஒன்று, கோணல் இல்லாமல், இடைவெளி இல்லாமல். ஓரத்தில் மட்டும் சதை லேசாகப் பழுப்பேறத் தொடங்கியிருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் உட்கார இடம் கேட்டபோது, தடம் அழிந்துவிடாதபடி பழத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு அவன் ஒதுங்கி உட்கார்ந்தான்.